விரிக்கும் பாரம் யாருக்கு?

"அப்பாவுக்குச் சர்க்கரை கூடிப்போச்சு தம்பி. நாளைக்குச் சிறுவங்கூர் ஆஸ்பத்திரிக்கு அழைச்சுகிட்டு வரணும். உன் வண்டி கிடைக்குமா?" என்று சித்தப்பா முறையுள்ள ஒருவர் கைபேசியில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுமொழி ஒரே எழுத்தில் வருகிறது: 'கே'. 'ஓகே' என்பதைக்கூட முழுதாக எழுத மனமில்லாத பதில். வண்டி கிடைத்துவிட்டது, காரியமும் ஆகிவிட்டது. ஆனாலும் கேட்டவர் முகம் சுண்டிப்போகிறது.

இறந்தவர் படத்தின் கீழே வரிசையாக விழும் 'ஆர்ஐபி', பிறந்தநாளுக்கு வந்து சேரும் 'ஹெச்பிடி', உயிரெழுத்துகளை உதிர்த்துவிட்டு ஆங்கில மெய்யெழுத்துகளால் மட்டும் எழுதப்படும் தமிழ் என்று இந்த எரிச்சலுக்குப் பல முகங்கள். கள்ளக்குறிச்சியின் வாட்ஸ்அப் குழுவானாலும் கோலாலம்பூரின் உறவினர் குழுவானாலும் பெரியவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பல், மொழி கெட்டுப்போகிறது.

குற்றச்சாட்டின் இரண்டாம் பாதி அவ்வளவு உறுதியானதல்ல. எழுத்தைச் சுருக்குவது தமிழுக்குப் புதிதில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக எழுத்துச் சிக்கனம் நடந்துவருகிறது. அப்படியானால் அந்தச் சிக்கனத்தை மதித்த நமக்கு இந்தச் சிக்கனம் மட்டும் ஏன் உறுத்துகிறது?

கல்லில் இருந்த சிக்கனம்

திருக்கோவலூருக்கு மேற்கே தென்பெண்ணைக்கு அருகில் ஜம்பை என்ற ஊர் இருக்கிறது. அங்கே தாசிமடம் என்று ஊரார் சொல்லும் குன்றுக் குகையில் 1981-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தமிழ்-பிராமி எனப்படும் தமிழி எழுத்தில் அமைந்த ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார்கள். சத்தியபுத்திர மரபைச் சேர்ந்த அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த இருப்பிடம் இது என்பது அதன் செய்தி. அசோகரின் பாறைக் கட்டளையில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நீண்ட நாள் வழக்கை இந்த ஒற்றை வரி முடித்துவைத்தது. கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் இதைக் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்று கணித்தார்.

மொத்தம் ஆறே சொற்கள். கொடையின் காரணம் இல்லை, நாள் இல்லை, புகழுரை இல்லை. ஆனால் பட்டம், குடிப்பெயர், இயற்பெயர், கொடுத்த செயல், கொடுத்த பொருள் எல்லாம் இருக்கின்றன. வெட்டியவர் சொற்களைக் குறைத்தாரே தவிர, கொடுத்தவர் பெயரைக் குறைக்கவில்லை. இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். சொல்ல வேண்டியதைச் சில சொற்களில் சொல்வது ஒன்று. சொல்லின் எழுத்துகளையே விழுங்குவது மற்றொன்று. முதலாவதில் உழைப்பு எழுதுபவருடையது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்தான் யோசித்தாக வேண்டும். இரண்டாவதில் எழுதுபவர் தப்பித்துக்கொள்கிறார், விடுபட்டதை வாசகர் தேடுகிறார்.

எழுத்தை விழுங்கும் பழக்கமும் பழையதுதான். திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் நிறைய உண்டு. அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ஒற்றைக் கொம்பு 'பெறு' என்றும் நிற்கும், 'பேறு' என்றும் நிற்கும். 'பல' என்று வெட்டியிருந்தால் அது 'பல்'லா 'பல'வா என்பதை முன்பின் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஓலையிலும் அதே கதை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கொம்பாலேயே பிரித்துக்காட்டும் இன்றைய முறை 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது.

இந்தச் சுருக்கத்துக்கும் ஒருவர் விலை கொடுத்தார். உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, புள்ளியில்லாத ஏடுகளை ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தையும் உறுதிசெய்யும் பாரம் அவர் தலையில் விழுந்தது. திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைப் பற்றிய பாட்டுகளை இன்று ஒரு பள்ளி மாணவி தடங்கலின்றிப் படிக்கிறாள் என்றால், ஏடு எழுதியவர்கள் சேமித்த உழைப்பைப் பதிப்பாசிரியர் பல மடங்காகச் செலவழித்திருக்கிறார் என்று பொருள்.

குறி தெரிந்தவர்களின் உலகம்

தென்னார்க்காடு மாவட்டக் காலத்துப் பழைய பத்திரம் ஏதாவது வீட்டுப் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று பக்கம் முழுக்கக் குறிகள் இருக்கும். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷. கணக்கெழுதுபவருக்கும் மணியக்காரருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் இவை அத்துப்படி. இந்தக் குறிகள் 2003-இல் ஒருங்குறியின் 4.0 பதிப்பில் ஏறின. பின்னங்களும் பிற பழங்குறிகளுமாக மேலும் 51 குறியீடுகள் 2019-இல் 12.0 பதிப்பில் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. கணினியில் இடம் கிடைத்துவிட்டது, படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

இலக்கணமும் சுருக்கத்தைக் கண்டு மிரளவில்லை. செய்யுளில் சொல்லின் தலை போனால் முதற்குறை, நடு போனால் இடைக்குறை, கடை போனால் கடைக்குறை. தாமரை 'மரை' ஆகலாம், ஓந்தி 'ஓதி' ஆகலாம், நீலம் 'நீல்' ஆகலாம். தஞ்சாவூர் தஞ்சையாவதும் கோயம்புத்தூர் கோவையாவதும் மரூஉ. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லுக்கு நன்னூல் குழூஉக்குறி என்று தனி இடமே கொடுத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் எல்லையும் உண்டு. மூவகைக் குறையும் செய்யுளுக்கு உரியவை. மரூஉ ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கு. குழூஉக்குறி அந்தக் குழுவோடு நிற்கும்.

நம் பெயர்களையே பாருங்கள். தந்தையின் முழுப்பெயரை ஒரே எழுத்தாக்கி முன்னால் வைத்துக்கொள்கிறோம். அதை யாரும் தந்தைக்குச் செய்யும் அவமதிப்பாக எண்ணுவதில்லை. அந்த எழுத்து சிக்கலாவது பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான். அந்தப் படிவம் முதலெழுத்துகளை ஏற்பதில்லை, முழுப்பெயரைக் கேட்கிறது. தமிழ்நாட்டு வழக்கம் தெரியாத ஒரு வாசகர் முன்னால் நிற்கும்போது, சுருக்கத்தை நாம்தான் விரித்தாக வேண்டியிருக்கிறது.

160-க்கும் 70-க்கும் நடுவில்

இன்றைய சுருக்கங்கள் சோம்பலில் பிறக்கவில்லை, கட்டணத்தில் பிறந்தன. ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்தென்றால் 160 கொள்ளும். தமிழ் எழுத்தென்றால் 70 குறியீடுகள்தான். அதிலும் தமிழில் கண்ணுக்குத் தெரியும் எழுத்து வேறு, இயந்திரம் எண்ணும் குறியீடு வேறு. 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதில் நாம் எண்ணினால் 12 எழுத்து. புள்ளி, கொக்கி, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாகக் கணக்கில் வைக்கும் இயந்திரத்துக்கு அது 21. மூன்று முறை நலம் விசாரித்தால் ஒரு செய்தி நிறைந்துவிடும். அதே கேள்வியை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஏழு முறை கேட்கலாம்.

தீபாவளி, புத்தாண்டு போன்ற நாள்களில் குறுஞ்செய்திச் சலுகைகள் செல்லாது என்று நிறுவனங்கள் அறிவித்ததும், 2011 செப்டம்பரில் ஒரு நாளைக்கு 100 செய்திக்கு மேல் அனுப்பக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு கட்டியதும் நினைவிருக்கலாம். அந்தச் சூழலில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதும், அதிலும் உயிரெழுத்தை உதிர்ப்பதும் காசு மிச்சம் பிடிக்கும் வழி. முத்து நெடுமாறனின் செல்லினம் செயலி 2005-லேயே கைபேசியில் தமிழை எழுத வழிசெய்தது. 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் 'க'வை இருமுறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானாக விழும். கருவி கைக்கு வருவதற்குள் பழக்கம் விரலில் ஊறிவிட்டது. இன்று தரவுக் கட்டணத்தில் எழுத்துக்கு விலையே இல்லை. காரணம் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. கொடுக்க வேண்டிய காசு இல்லாதபோதும் எழுத்தைக் குறைப்பவரைப் பார்த்து, 'எனக்காக இரண்டு எழுத்துகூட அடிக்க மனமில்லையா?' என்று கேட்கத் தோன்றுவது அதனால்தான்.

தந்திக் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. தந்தியிலும் சொல்லுக்குச் சொல் காசு. ஆனால் வாழ்த்துத் தந்திகளுக்கு அஞ்சலகம் எண் போட்ட வாசகங்கள் வைத்திருந்தது. அனுப்புபவர் ஓர் எண்ணைச் சொன்னால் போதும், பெறுபவர் கையில் முழு வாக்கியமாக வாழ்த்து வந்து சேரும். நடுவில் இருந்த அலுவலகம் சுருக்கத்தை விரித்துக் கொடுத்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிந்தபோது, இப்படி நடுவில் நின்று விரித்துக் கொடுக்கும் ஆளும் போய்விட்டார்.

எரிச்சலை அளந்தவர்கள்

இந்தப் புலம்பல் தமிழர்களுக்கு மட்டும் உரியதல்ல. சொற்களை வெட்டி எழுதுபவர்களைக் கண்டித்து ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் டாட்லர் இதழில் எழுதினார். இன்று இளைஞர் மொழி என்று நாம் நினைக்கும் 'ஓஎம்ஜி' 1917-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டல் 2008-இல் குறுஞ்செய்தி மொழியைப் பற்றி ஒரு நூலே எழுதி, செய்திகளில் சுருக்கப்படும் சொற்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று காட்டினார். பெவர்லி பிளெஸ்டரும் கிளேர் வுட்டும் குழுவினரும் பிரிட்டனில் 10 முதல் 12 வயது வரையுள்ள 88 சிறாரை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கங்களை அதிகம் கையாண்ட பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, முன்னேதான் நின்றார்கள் என்று தெரிந்தது. ஒலியைப் பிரித்தறியத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அதைக் குறுக்கவும் தெரியும். ஆக, மொழி கெட்டுப்போகிறது என்ற வாதத்துக்குச் சான்று மெலிவு.

ஆனால் எரிச்சல் பொய்யல்ல. டேவிட் ஃபாங், இரான் ஜாங், சாம் மாலியோ ஆகியோர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு எட்டுச் சோதனைகளில் 5,000-க்கும் மேற்பட்டோரிடம் இதை அளந்து பார்த்தது. சுருக்கி எழுதியவர்களை மனப்பூர்வமற்றவர்களாகச் செய்தியைப் பெற்றவர்கள் எண்ணினார்கள். அவர்களுக்குக் குறைவான பதிலே வந்தது, வந்த பதிலும் சின்னதாக இருந்தது. இவர் என்னிடம் பேச உழைப்பைச் செலவழிக்கவில்லை என்ற எண்ணமே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சித்தப்பாவின் முகம் சுண்டியதும் இதனால்தான். அவர் மூன்று வாக்கியம் எழுதினார், நோயைச் சொன்னார், முறை வைத்து அழைத்தார். பதிலில் அந்த முறைக்கு மறுமுறை இல்லை. 'சரிங்க சித்தப்பா, காலையில வந்துடறேன்' என்பதில் கூடுதலாக இருப்பது வெறும் தகவல் அல்ல, மரியாதை. சாவு வீட்டுக்குப் போனவர் வாசலில் நின்று கையசைத்துவிட்டுத் திரும்பினால் எப்படி இருக்கும்? 'ஆர்ஐபி' அப்படித்தான் படுகிறது. இரங்கலில் உழைப்புதான் செய்தி, அதைச் சுருக்கினால் செய்தியே போய்விடும்.

வலியா, வழியா?

கச்சிராயப்பாளையத்தையும் கோமுகி அணையையும் தாண்டிக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறினால் பிரச்சினைக்கு வேறொரு முகம் தெரிகிறது. இந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர்.

சிக்னல் மெலிந்த மலைப்பகுதியில் அழைப்பு அறுந்துவிடும், எழுத்து எப்படியாவது போய்ச் சேரும். அங்கே குறுஞ்செய்தி பொழுதுபோக்கு அல்ல. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதும்போது ல, ள, ழ மூன்றும் பலர் கையில் ஒன்றாகிவிடுகின்றன. பள்ளியும் பல்லியும் ஒன்று, வலியும் வழியும் ஒன்று. உடம்புக்கு முடியாத ஒருவரைப் பற்றி 'வலி இல்ல' என்று எழுதினாலும் 'வழி இல்ல' என்று எழுதினாலும் ஆங்கில எழுத்தில் வித்தியாசம் தெரியாது. ஒன்று நிம்மதி தரும் செய்தி, மற்றது வண்டி வர முடியாது என்ற அபாயச் செய்தி. தமிழ் எழுத்தில் அடித்திருந்தால் ஓர் எழுத்து இரண்டையும் பிரித்திருக்கும். அடிவாரத்தில் இருப்பவர் திரும்பக் கேட்டுப் பதில் வாங்குவதற்குள் சிக்னல் போய்விடலாம்.

எழுத்தின் எடையை மலையாளி மக்கள் வேறு விதத்திலும் அறிவார்கள். பழங்குடிப் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயருக்கு அருகில் மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தென்னார்க்காடு. 1993-இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் உருவானது, 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. பட்டியலில் இன்றும் பழைய பெயர்தான். பழங்குடிப் பட்டியலை உள்ளது உள்ளபடியே படிக்க வேண்டும், விசாரித்து எதையும் கூட்டவோ குறைக்கவோ நீதிமன்றங்களுக்கும் அதிகாரமில்லை என்று மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 நவம்பரில் தீர்ப்பளித்தது. சான்றிதழுக்கு நிற்பவருக்குப் பெயர் எழுதப்படும் விதம் அழகு சார்ந்த விஷயமல்ல, உரிமை சார்ந்த விஷயம்.

அதே மலைவாசி அன்றாடம் சந்திக்கும் அரசைப் பாருங்கள். பிள்ளை படிப்பது 'ஜிடிஆர்' பள்ளி; அதாவது அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. கடன் வாங்கப் போவது 'லாம்ப்ஸ்'. அதாவது பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம். நிலத்துக்குப் போட்ட மனு 'எஃப்ஆர்ஏ', அதாவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். கையெழுத்துக்கு 'விஏஓ', அதற்குமேல் 'ஆர்ஐ' என்ற வருவாய் ஆய்வாளர், ரேஷன் கடையில் 'இகேஒய்சி' என்ற மின்னணு அடையாளச் சரிபார்ப்பு, வங்கியில் 'ஓடிபி'. 'டிசி' என்றால் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ், கைபேசியில் 'டேக் கேர்'. தமிழ் ஆட்சிமொழியாகச் சட்டம் வந்தது 1956-இல். தாளில் கிராம நிர்வாக அலுவலர் என்று முழுதாக இருக்கிறது. மனுவோடு போய் நிற்பவர் காதில் விழுவது மூன்று ஆங்கில எழுத்துதான்.

இந்தச் சுருக்கங்களைப் பற்றி யாரும் எரிச்சலோடு கட்டுரை எழுதுவதில்லை. இவற்றை மொழிச் சீரழிவு என்றும் சொல்வதில்லை. இளைஞர் சுருக்கினால் சோம்பல் என்கிறோம், அலுவலகம் சுருக்கினால் நிர்வாகம் என்கிறோம். இரண்டிலும் நடப்பது ஒன்றே. எழுதுபவர் மிச்சம் பிடித்த உழைப்பைப் படிப்பவர் கட்டுகிறார். வித்தியாசம் ஒன்று உண்டு. 'கே' என்று எழுதிய தம்பியைச் சித்தப்பா நேரில் பார்க்கும்போது கடிந்துகொள்ளலாம். 'இகேஒய்சி முடிக்காதவர்களுக்குப் பொருள் இல்லை' என்ற அறிவிப்பின் முன்னால் நிற்கும் மூதாட்டி யாரைக் கடிந்துகொள்வார்? அவர் தமக்குத்தான் விவரம் பத்தாது என்று எண்ணிக்கொண்டு, விரித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடிப் போகிறார். சில நேரம் அதற்குக் காசும் கொடுக்கிறார். எரிச்சல்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது.

எங்கே சுருக்கலாம்?

சுருக்கத்தை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். இருவருக்கும் தெரிந்த குறியானால் இரண்டு எழுத்தில் பேசிக்கொள்ளட்டும், அது நன்னூல் ஒப்புக்கொண்ட குழூஉக்குறி. பேச்சுத் தமிழைப் பேசுகிறபடியே 'சாப்ட்டியா' என்று எழுதுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, காது அதை விரிக்க வேண்டியதே இல்லை. வழக்கு கிளம்புவது குழுவைத் தாண்டும்போதுதான். வயதில் மூத்தவர், நோயாளி, மனுதாரர், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த மாணவர் என்று விரிக்க வழியில்லாத வாசகருக்கு எழுதும்போது பாரம் எழுதுபவருடையதாக இருக்க வேண்டும். நன்றிக்கும் இரங்கலுக்கும் சுருக்கம் ஆகாது. இடமும் நேரமும் மருந்தும் சொல்லும்போது தமிழைத் தமிழ் எழுத்திலேயே அடித்துவிடுவது பாதுகாப்பு.

இந்த நெறியை வீட்டுப் பிள்ளைகளிடம் வற்புறுத்துவதற்கு முன் அலுவலகங்களிடம் கேட்பது நியாயம். அறிவிப்புப் பலகையில் ஒரு சுருக்கம் முதன்முறை வரும்போது அதன் தமிழ் விரிவையும் சேர்த்து எழுதச் சொல்லலாம். கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவே வைக்கக்கூடிய கோரிக்கை இது. கூடுதலாகச் செலவாவது ஒரு வரி மைதான்.